அன்லெஸ் என்றால் ‘இல்லாவிட்டால்’ மட்டும்தானா?

கேள்வி: “ஆங்கிலத்தில் ‘அன்லெஸ்’ என்ற இணைப்புச்சொல்லுக்கு ‘இல்லாவிட்டால்’ என்று பொருள் படித்திருக்கிறேன். ‘இஃப் நாட்’ என்றாலும் அதே பொருள்தானே? இரண்டையும் மாற்றி மாற்றி எழுதலாமா? வினாத்தாளில் ஒன்றை மற்றொன்றாக மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு நிச்சயமான வழி ஏதாவது உண்டா?”

பல இடங்களில் மாற்றலாம். எல்லா இடங்களிலும் முடியாது. எங்கே முடியாது என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று பிடிபட்டுவிட்டால் காதே சொல்லிவிடும். ‘இல்லாவிட்டால்’ என்று ஒரே சொல்லில் பொருள் கற்றுக்கொடுப்பதுதான் இதில் பாதித் தொல்லைக்குக் காரணம் என்பது என் எண்ணம். அந்தப் பொருள் தவறில்லை. ஆனால் அது விளைவைச் சொல்கிறது, வேலையைச் சொல்வதில்லை.

வேலை இதுதான். பேசுகிறவர் முதலில் ஒரு கூற்றை முழுமையாக முன்வைக்கிறார். பிறகு அதற்கு ஒரே ஒரு விலக்கை அறிவிக்கிறார். ‘ஐ வில் கம் அன்லெஸ் இட் ரெய்ன்ஸ்’ என்றால், நான் வருவேன் என்பது முடிவான பேச்சு. மழை பெய்தால் மட்டும் அந்தப் பேச்சு செல்லாது. ‘ஐ வில் கம் இஃப் இட் டஸன்ட் ரெய்ன்’ என்பதில் அந்த முடிவு இல்லை. அங்கே வருகை முழுவதும் மழையின்மையை நம்பி நிற்கிறது. அழைத்தவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஆனால் முதலாமவர் கிளம்பத் தயாராக இருக்கிறார். இரண்டாமவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மிரட்டலில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். ‘நீங்கள் பணம் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம்’ என்பதற்கு ‘இஃப் யூ டோன்ட் பே’ பொருந்தும். அதையே ‘வி வில் டிஸ்கனெக்ட் யூ அன்லெஸ் யூ பே’ என்று எழுதினால், துண்டிப்பது ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது, அதிலிருந்து தப்ப ஒரு வாசல் மட்டும் திறந்திருக்கிறது என்ற தொனி வந்துவிடும். கறாரான அறிவிப்புகள் இந்தச் சொல்லை விரும்புவதற்கு அதுதான் காரணம்.

1973-இல் மைக்கேல் கைஸ் என்ற மொழியியலாளர் ஒரு கட்டுரையில், இந்தச் சொல்லின் பொருள் ‘இஃப் நாட்’டைவிட ‘எக்ஸெப்ட் இஃப்’ என்பதற்கே நெருக்கமானது என்று வாதிட்டார். ‘இன்னது நடந்தால் தவிர’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். பின்னால் வந்தவர்கள் இதைப் பல விதமாகத் திருத்தியும் நுணுக்கியும் எழுதியிருக்கிறார்கள். கற்றுக்கொள்கிறவருக்கு அந்த முதல் கருத்தே போதும்.

சொல்லின் பிறப்பும் இதற்கு ஒத்துவருகிறது. முதலில் வரும் ‘அன்’ என்ற அசையைப் பார்த்து, ‘அன்ஹேப்பி’ போன்ற சொற்களில் வரும் எதிர்மறை முன்னொட்டு என்று நினைத்துவிடுவோம். அது அப்படி வந்ததல்ல. 15-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘ஆன் லெஸ் தேன்’ என்ற தொடர் இருந்தது. ‘இதைவிடக் குறைந்த நிபந்தனையின் பேரில்’ என்பது அதன் பொருள். இதற்குக் குறைவாக எது நடந்தாலும் போதாது என்ற கருத்து. பிரெஞ்சில் இன்றும் உள்ள ‘அ மொவான் கெ’ என்ற தொடரும் இதே வார்ப்புதான். காலப்போக்கில் ‘தேன்’ உதிர்ந்தது. ‘ஆன்’ அழுத்தம் இழந்தது. பொருளில் ஓர் எதிர்மறைச் சாயல் இருந்ததால் அது ‘அன்’ என்று திரிந்து நின்றுவிட்டது. அதாவது எதிர்மறை என்பது பிற்பாடு ஏறிய சாயம். அடியில் இருப்பது நிபந்தனைக்கு வரம்பு கட்டுகிற வேலை.

இனித் தமிழுக்கு வருகிறேன். இந்தச் சொல்லுக்கு நம்மிடம் நேரான அமைப்பு இல்லை என்று சிலர் சொல்வார்கள். அது உண்மையல்ல. ‘வந்தாலொழிய’, ‘வந்தாலன்றி’, ‘வந்தால் தவிர’ என்று மூன்று வடிவங்கள் இன்றும் எழுத்தில் புழங்குகின்றன. பழமைக்குப் போனால் குறளில் வான்சிறப்பு அதிகாரத்தின் 16-ஆம் பாடல் இந்த அமைப்பிலேயே நிற்கிறது: ‘விசும்பின் துளிவீழின் அல்லால்மற் றாங்கே / பசும்புல் தலைகாண் பரிது.’ வீழின் என்பது ‘செயின்’ வாய்பாட்டு வினையெச்சம்; வீழ்ந்தால் என்று பொருள். அதன் பின் வரும் அல்லால் விலக்கைக் குறிக்கிறது. துளி வீழ்ந்தாலொழியப் பசும்புல்லின் தலையைக்கூடக் காண்பது அரிது. பரிமேலழகர் இதற்கு உரை சொல்லும்போது இரண்டு பக்கத்தையும் பிரித்துக் காட்டுகிறார்: துளி வீழ்ந்தால் காணலாம்; வீழாதாயின் காண்பது அரிது. ஒரு விலக்குச் சொல் எப்படி இரு முனைகளில் வேலை செய்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், 1886-இல் இதை ஆங்கிலச் செய்யுளாக்கிய ஜி.யு. போப், கையருகே அன்லெஸ் இருந்தும் அதை எடுக்கவில்லை. மேகங்களிலிருந்து துளிகள் விழாவிட்டால் என்ற பொருளில் ‘இஃப்… நோ’ என்றே தொடங்குகிறார். யாப்பு அவரை அங்கே இழுத்திருக்கலாம்.

குறளில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே வீழின் என்பது உடன்பாட்டு வினை. ‘வீழாவிட்டால் அல்லால்’ என்று வரவில்லை. ஒழிய, அன்றி, அல்லால் எல்லாவற்றுக்கும் முன்னால் உடன்பாட்டு வடிவமே வரும், ஏனென்றால் விலக்கும் வேலையை அந்தச் சொற்களே பார்த்துக்கொள்கின்றன. ஆங்கிலத்திலும் அதுவே நியதி. அன்லெஸ் என்ற சொல்லின் உள்ளே எதிர்மறை அடங்கியிருப்பதால் அதன் பின் வரும் வாக்கியம் உடன்பாடாகவே இருக்கும்.

தமிழர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை இங்கேதான் நுழைகிறது. மனத்தில் ‘நீ வராவிட்டால்’ என்று ஓடுகிறது. அதில் ‘வரா’ என்ற எதிர்மறை இருக்கிறது. அதை அப்படியே தூக்கி ‘அன்லெஸ் யூ டோன்ட் கம்’ என்று எழுதிவிடுகிறோம். இதன் பொருள் ‘நீ வராமலிருந்தாலொழிய’ என்று தலைகீழாகிவிடும். ‘அன்லெஸ் யூ டோன்ட் கம், ஐ வில் நாட் கோ’ என்றால், நீ வந்தால் நான் போகமாட்டேன், நீ வராமல் இருந்தால்தான் போவேன் என்று ஆகிறது. நட்பே முறியக்கூடிய வாக்கியம். மனத்தில் ‘வந்தாலொழிய’ என்று ஓடவிட்டுப் பாருங்கள். ‘அன்லெஸ் யூ கம்’ தானாக வந்து விழும். ‘இல்லாவிட்டால்’ என்று பொருள் கற்பிப்பதில் எனக்குள்ள வருத்தம் இதனால்தான்.

அன்லெஸ்ஸுக்குப் பின் எதிர்மறை வரவே கூடாது என்று சட்டம் போட்டுவிடவும் முடியாது. விலக்காகச் சொல்லப்படும் நிகழ்ச்சியே ஓர் இன்மையாக இருந்தால் எதிர்மறை முறையானது. ‘டேக் இட், அன்லெஸ் யூ டோன்ட் வான்ட் இட்’: எடுத்துக்கொள், உனக்கு வேண்டாம் என்றால் தவிர. இங்கே வேண்டாமை என்பதுதான் விலக்கு. வாக்கியம் சரியானது. ‘அன்லெஸ் வந்தால் நாட் வராது’ என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்துத் திருத்துகிறவர்கள் இதையும் அடித்துவிடுகிறார்கள்.

நம் ஒழியவுக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இடையே ஒரு வேறுபாடும் இருக்கிறது. ஆங்கிலச் சொல் முதன்மை வாக்கியம் எப்படியிருந்தாலும் ஏற்றுக்கொள்ளும்: நான் வருவேன் என்றாலும் சரி, வரமாட்டேன் என்றாலும் சரி. தமிழ் ஒழிய பெரும்பாலும் எதிர்மறையான அல்லது அதற்கு நிகரான முதன்மை வாக்கியத்தையே நாடும். ‘அவர் சொன்னாலொழிய நான் கையெழுத்துப் போடமாட்டேன்’ இயல்பாக இருக்கிறது. ‘மழை பெய்தாலொழிய நான் வருவேன்’ என்று சொல்லிப் பாருங்கள். இலக்கணம் இடிக்காவிட்டாலும் காது இடிக்கும். குறளிலும் ‘அரிது’ என்ற எதிர்மறைக் கருத்தே முடிவாக இருப்பதைக் கவனியுங்கள். முதன்மை வாக்கியம் உடன்பாடாக இருக்கும்போது நாம் வேறு வழியில் போகிறோம்: ‘நான் வந்துவிடுவேன், மழை பெய்தால்தான் வரமாட்டேன்.’ எதிர்மறையாக இருக்கும்போதும் பேச்சில் ஒழியவைவிடத் ‘தான்’ என்ற இடைச்சொல்லே எளிது: ‘அவர் சொன்னால்தான் கையெழுத்துப் போடுவேன்.’ ஆகவே ‘ஐ வோன்ட் சைன் அன்லெஸ் ஹி டெல்ஸ் மீ’ என்பதை மொழிபெயர்க்கும்போது ‘சொல்லாவிட்டால் போடமாட்டேன்’ என்று இரட்டை எதிர்மறையில் திணறுவதைவிடச் ‘சொன்னால்தான் போடுவேன்’ என்று எழுதுவது பல இடங்களில் மேல்.

இவ்வளவும் தெரிந்தபின், எங்கே இஃப் நாட்டுக்குப் பதிலாக அன்லெஸ் வராது என்ற உங்கள் கேள்விக்கு வரலாம். நான் பயன்படுத்தும் சோதனை ஒன்றுதான். முதன்மை வாக்கியத்தை மட்டும் சொல்லி முற்றுப்புள்ளி வையுங்கள். பிறகு ‘இது நடந்தால் மட்டும் அப்படி இல்லை’ என்று சேருங்கள். பொருள் நின்றால் அன்லெஸ் நிற்கும், விழுந்தால் விழும்.

‘நான் வருவேன். மழை பெய்தால் மட்டும் இல்லை.’ நிற்கிறது. ‘நான் போகமாட்டேன். அவன் வந்தால் மட்டும் அப்படி இல்லை.’ நிற்கிறது. இப்போது இதைப் பாருங்கள்: ‘அவன் வராவிட்டால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.’ பிரித்தால், ‘எனக்கு ஆச்சரியமாக இருக்கும். அவன் வந்தால் மட்டும் இருக்காது.’ எதற்கு ஆச்சரியம்? வராமையே ஆச்சரியத்தின் காரணம். காரணத்தை நீக்கிவிட்டு ஆச்சரியத்தை மட்டும் பொது நிலையாக வைக்க முடியாது. அதனால் ‘ஐ வில் பி சர்ப்ரைஸ்ட் இஃப் ஹி டஸன்ட் கம்’ என்பதே சரி. அங்கே அன்லெஸ் போட்டால் எப்போதும் ஆச்சரியத்தில் வாய்பிளந்து நிற்கும் ஒரு மனிதர், நண்பன் வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறார் என்ற படம் கிடைக்கும். மகிழ்ச்சி, வருத்தம், கோபம், ஏமாற்றம் ஆகிய உணர்ச்சிகள் ஒன்று நடக்காததிலிருந்தே பிறக்கின்றன என்று சொல்லும் எல்லா வாக்கியங்களுக்கும் இதே நிலைதான்.

நடந்து முடிந்ததை மாற்றிக் கற்பனை செய்யும் வாக்கியங்களும் இந்தச் சோதனையில் விழும். ‘நீ உதவியிருக்காவிட்டால் நான் மூழ்கிப்போயிருப்பேன்.’ பிரித்தால், ‘நான் மூழ்கிப்போயிருப்பேன். நீ உதவியிருந்தால் மட்டும் இல்லை.’ உதவியாகிவிட்டது, பிழைத்தும் ஆகிவிட்டது. நடந்துவிட்ட ஒன்றை, நடக்கலாம் நடக்காமலும் போகலாம் என்ற விலக்காகச் சொல்வது பொருந்தாது. அங்கே ‘இஃப் யூ ஹேடன்ட் ஹெல்ப்ட் மீ’ மட்டும்தான்.

ஆனால் இதிலும் ஒரு சுவாரசியமான வாசல் உண்டு. ‘அவன் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்க முடியாது. பறந்து வந்திருந்தாலொழிய!’ ஆங்கிலத்திலும் இது செல்லும்: ‘ஹி குடன்ட் ஹேவ் அரைவ்ட் ஸோ ஸூன் — அன்லெஸ் ஹி ஃப்ளூ.’ பேசுகிறவர் கூற்றை முடித்துவிட்டார். ஒரு கணம் யோசித்து, பின்குறிப்பாக ஒரு வாய்ப்பை எறிகிறார். பேச்சில் நின்று மூச்சு வாங்குவோம். எழுத்தில் ஒரு கோடோ காற்புள்ளியோ அந்த மூச்சின் வேலையைச் செய்யும். கோட்டை எடுத்துவிட்டால் பொருள் நகர்ந்துவிடும் வாக்கியங்களும் உண்டு. துப்பறியும் கதைகளில் துப்பறிவாளர் நின்று திரும்பி ‘அன்லெஸ்…’ என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்துவது இந்தப் பின்குறிப்புப் பயன்பாட்டின் உச்சம்.

கேள்வி வாக்கியங்களில் பொதுவாக வராது. ‘அவர் வராவிட்டால் என்ன செய்வாய்?’ என்பதற்கு இஃப் நாட்தான். விலக்குச் சொல்ல முதலில் ஒரு கூற்று வேண்டுமே. கேள்வியில் கூற்று எங்கே இருக்கிறது? ஆனால் வடிவத்தில் மட்டும் கேள்வியாகவும் பொருளில் மறுப்பாகவும் இருக்கும் வாக்கியத்தில் தாராளமாக வரும். ‘விஷயம் தெரிந்திருந்தாலொழிய அவன் ஏன் அப்படிச் சொல்லப்போகிறான்?’ இது விடை கேட்கவில்லை. சொல்லியிருக்கமாட்டான் என்று அடித்துச் சொல்கிறது. ஆகவே ‘வை வுட் ஹி ஸே தேட் அன்லெஸ் ஹி நியூ?’ பிழையற்றது.

இன்னும் ஒரு தடயம், இது இலக்கணப் பிரியர்களுக்கு. இஃப்புக்கு முன்னால் ‘ஈவன்’, ‘ஒன்லி’ இரண்டும் ஒட்டும். அன்லெஸ்ஸோடு அவை ஒட்டமாட்டா. ‘ஈவன் இஃப் ஹி டஸன்ட் கம்’ சரி. ‘ஈவன் அன்லெஸ்’ என்று யாரும் சொல்வதில்லை. தமிழைப் பாருங்கள்: ‘வராவிட்டாலும்’ உண்டு, ‘வந்தாலொழியவும்’ கிடையாது. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே இடத்தில் கதவைச் சாத்துகின்றன என்றால், அது சொல்லின் தற்செயலான குணமாக இருக்க முடியாது. விலக்கு என்ற கருத்தின் குணமாகவே இருக்க வேண்டும். அதுபோலவே இஃப்பில் தொடங்கும் வாக்கியத்தின் நடுவில் ‘தென்’ வரலாம், அன்லெஸ்ஸில் தொடங்கினால் வராது.

காலம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எதிர்காலத்தைப் பற்றிப் பேசினாலும் அன்லெஸ்ஸுக்குப் பின் நிகழ்கால வினையே வரும்: ‘அன்லெஸ் ஹி கம்ஸ் டுமாரோ’. ‘அன்லெஸ் ஹி வில் கம்’ பிழை. இஃப்புக்கும் இதே விதி என்பதால் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. இன்னொன்று, அதன் பின் வாக்கியம் வர வேண்டும், வெறும் பெயர்ச்சொல் வரக்கூடாது. ‘உங்கள் உதவி இல்லாவிட்டால்’ என்பதை ‘அன்லெஸ் யுவர் ஹெல்ப்’ என்று எழுதுகிறார்கள். அங்கே வேண்டியது ‘விதவுட் யுவர் ஹெல்ப்’. பழகிப்போன குறுக்கங்கள் வேறு: ‘அன்லெஸ் நெஸஸரி’, ‘அன்லெஸ் இன்வைட்டட்’, ‘அன்லெஸ் அதர்வைஸ் ஸ்டேட்டட்’. இவற்றில் எழுவாயும் துணைவினையும் மறைந்து நிற்கின்றன. வாக்கியம் இல்லாமல் இல்லை.

அடுத்த குழப்பம் ‘அன்டில்’. ஒன்று நிபந்தனை, மற்றொன்று நேரம் என்று சொல்லிவிட்டால் எளிதாகத் தெரிகிறது. ‘அன்டில் ஹி கம்ஸ்’ என்றால் அவர் வருவார், அதுவரை என்று பொருள். ‘அன்லெஸ் ஹி கம்ஸ்’ என்றால் வருவாரா என்பதே தெரியாது. ஆனால் பெரிய பெரிய ஆவணங்களே இந்த எல்லையில் வழுக்கியிருக்கின்றன. 1948-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 11-ஆவது உறுப்பு, குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி என நிரூபிக்கப்படும் வரை நிரபராதியாகக் கருதப்படும் உரிமை உடையவர் என்கிறது. அங்கே வருவது அன்டில். ‘நிரூபிக்கப்படும் வரை’ என்பதில், என்றைக்காவது நிரூபித்துவிடத்தான் போகிறோம் என்ற ஒரு தொனி ஒட்டிக்கொள்கிறது. ‘நிரூபிக்கப்பட்டாலொழிய’ என்றால் அந்தத் தொனி இல்லை. எழுதியவர்களின் நோக்கத்தில் யாருக்கும் ஐயமில்லை. சொல்லைத் தேர்வது என் கையில் இருந்திருந்தால் அன்லெஸ்ஸைத்தான் எடுத்திருப்பேன். இந்தச் சங்கடத்தைத் தவிர்க்கத்தான் வழக்கறிஞர்கள் ‘அன்லெஸ் அண்ட் அன்டில்’ என்று இரண்டையும் கட்டி எழுதுகிறார்கள் போலும். அது நடக்காமலே போகலாம், நடந்தாலும் நடக்கும் வரை நிலைமை மாறாது என்று இரண்டு பூட்டு. சிலர் இதை வீண் சொல் என்று கேலி செய்வார்கள். எல்லா இடத்திலும் அது வீண் அல்ல.

நீதிமன்றத்துக்கு இந்தக் கருத்தோடு பழைய உறவு உண்டு. லத்தீனில் ‘நிசி’ என்பதுதான் அன்லெஸ். இங்கிலாந்து, வேல்ஸ் விவாகரத்து வழக்குகளில் முதலில் தரப்படும் ஆணைக்கு ‘டிக்ரீ நைசை’ என்று நெடுங்காலம் பெயர் இருந்தது. யாரும் தக்க காரணம் காட்டித் தடுத்தாலொழிய இந்தத் திருமணம் முறியும் என்பது அதன் கருத்து. 2022 ஏப்ரல் 6 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பொதுமக்களுக்குப் புரியட்டும் என்று அந்தப் பெயரை எடுத்துவிட்டு ‘நிபந்தனை ஆணை’ என்ற பொருளில் எளிய ஆங்கிலப் பெயர் வைத்துவிட்டார்கள். இந்த நிசியின் உறுப்புகளைப் பிரித்தால் ‘நே’, ‘சி’ என்று வரும்; ‘இல்லை’, ‘என்றால்’ என்ற இரண்டும் சேர்ந்தது. லத்தீன் மட்டும் உண்மையிலேயே இஃப் நாட்டிலிருந்து தன் விலக்குச் சொல்லைச் செய்துகொண்டது. ஆங்கிலம் குறைவிலிருந்தும் தமிழ் ஒழிதலிலிருந்தும் செய்துகொண்டன.

நிசியைப் பற்றிப் பேசும்போது நியூட்டனை விட முடியாது. இந்த இணைப்புச்சொல்லைப் பற்றி எனக்குத் தெரிந்த கதைகளில் இதுவே மிகச் சிறந்தது. 1687-இல் வெளியான பிரின்சிபியாவில் முதல் இயக்க விதி லத்தீனில் இருக்கிறது. எந்தப் பொருளும் ஓய்விலோ நேர்க்கோட்டில் சீரான இயக்கத்திலோ தொடரும் என்று சொல்லிவிட்டு, ‘நிசி குவாடெனஸ்’ என்ற இரண்டு சொற்களோடு விசையைப் பற்றிய விலக்கைத் தொடங்குகிறார் நியூட்டன். 1729-இல் ஆண்ட்ரூ மோட் இதை ஆங்கிலமாக்கியபோது அந்த இரண்டு சொற்களுக்கும் ஒரே ஒரு அன்லெஸ்ஸைப் போட்டார். குவாடெனஸ் காணாமல் போனது. அது ‘எந்த அளவுக்கோ அந்த அளவுக்கு’ என்று அளவைக் குறிக்கும் சொல்.

அளவு போனதால் என்ன கெட்டது? அன்லெஸ் ஒரு வாசல். திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும், பாதி திறந்திருக்காது. விசை இருந்தாலொழியப் பொருள் நேர்க்கோட்டில் செல்லும் என்று படித்தால், விசையே இல்லாத பொருளைப் பற்றி மட்டும்தான் விதி பேசுகிறது என்று ஆகிறது. ஈர்ப்பு விசை எங்கும் இருக்கும்போது அப்படிப்பட்ட பொருள் எங்கே கிடைக்கும்? விதி காற்றில் தொங்குகிறது. குவாடெனஸைச் சேர்த்துப் படித்தால், விசை எந்த அளவுக்குத் திருப்புகிறதோ அந்த அளவுக்கு மட்டுமே பொருள் தன் நிலையிலிருந்து மாறும், மீதிக்குப் பழைய போக்கிலேயே தொடரும் என்று எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் விதியாகிவிடுகிறது. இதற்கு நியூட்டன் தரும் எடுத்துக்காட்டுகளே சாட்சி: எறியப்பட்ட பொருள், சுழலும் பம்பரம், கோள்கள். மூன்றின்மீதும் விசை இருந்துகொண்டேதான் இருக்கிறது. 1999-இல் ஐ. பெர்னார்ட் கோஹனும் ஆன் விட்மனும் செய்த புதிய மொழிபெயர்ப்பு ‘எக்ஸெப்ட் இன்ஸோஃபார் அஸ்’ என்று அளவை மீட்டெடுத்தது. அண்மையில் டேனியல் ஹூக் என்ற தத்துவ ஆய்வாளர், மோட்டின் அந்த ஒற்றைச் சொல்லால் பாடநூல்களில் விதியின் பொருளே குறுகிப்போனது என்று ஒரு கட்டுரையில் வாதிட்டிருக்கிறார். தமிழ்ப் பாடநூல்களில் நாம் படித்த ‘புறவிசை செயல்படாத வரை’ என்ற தொடர் இன்னும் ஒரு படி விலகி, நிபந்தனையை நேரமாகவே ஆக்கிவிட்டது.

தர்க்கவியல் பாடநூல்களில் அன்லெஸ் வேறு வேடம் போடுகிறது. அங்கே அதை ‘அல்லது’ என்று குறியிட்டுவிடுவார்கள். நான் வருவேன் அல்லது மழை பெய்யும். இரண்டில் ஒன்றாவது மெய். கணக்குக்கு இது போதும். ஆனால் ‘அல்லது’வின் இரு பக்கங்களை இடம் மாற்றினால் தர்க்கத்தில் எதுவும் மாறாது. பேச்சில் மாற்றிப் பாருங்கள்: ‘மழை பெய்யும், நான் வந்தால் மட்டும் பெய்யாது.’ வருகையால் மழையை நிறுத்தும் வல்லமை பெற்ற மனிதர் ஒருவர் திடீரென்று தோன்றிவிடுகிறார். எது பொது நிலை, எது விலக்கு என்ற வரிசையைக் குறியீடு பிடிக்காது.

அதே குறியீடு இன்னொன்றையும் சொல்லாமல் விடுகிறது. மழை பெய்தால் கட்டாயம் வரமாட்டேன் என்று அந்த வாக்கியம் உறுதி சொல்கிறதா? கண்டிப்பாகப் பார்த்தால் சொல்லவில்லை. குடையோடு வந்து நின்றால் யாரும் என்னைப் பொய்யன் என்று சொல்ல முடியாது. கேட்பவர் மட்டும் ‘மழை பெய்தால் வரமாட்டார்’ என்று எடுத்துக்கொள்வார். பேச்சில் இது போதும், ஒப்பந்தத்தில் போதாது. ‘சேதம் இருந்தாலொழிய முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்’ என்று எழுதினால், சேதம் இருந்தால் எவ்வளவு பிடிப்பார்கள், ஒன்றுமே தரமாட்டார்களா என்பதை வாக்கியம் சொல்லவில்லை. அந்தப் பாதியைத் தனி வாக்கியமாக எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

கணினி நிரலாளர்களுக்கும் இந்தச் சொல் பழக்கம். பெர்ல், ரூபி ஆகிய நிரல்மொழிகளில் அன்லெஸ் ஒரு கட்டளைச் சொல்லாகவே இருக்கிறது. அங்கே அதன் பொருள் அப்பட்டமான இஃப் நாட். விலக்கு, தொனி எதுவும் கணினிக்குக் கிடையாது. ஆனால் படிக்கிற மனிதருக்கு உண்டே. ரூபி சமூகத்தின் நடைவழிகாட்டி, அன்லெஸ்ஸோடு ‘எல்ஸ்’ (‘மற்றபடி’) சேர்த்து எழுதாதீர்கள் என்கிறது. விலக்குக்கு ஒரு விலக்கு என்று படிக்கும்போது மூளை முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. ஆங்கில உரைநடைக்கும் இந்த அறிவுரை பொருந்தும்: அன்லெஸ் இருக்கும் வாக்கியத்தில் வேறு இரண்டு எதிர்மறைகள் சேர்ந்துவிட்டால் கலைத்து எழுதுங்கள்.

காற்புள்ளி: அன்லெஸ் பகுதி முன்னால் வந்தால் அதன் முடிவில் காற்புள்ளி போடுங்கள். பின்னால் வந்தால் வேண்டாம், பின்குறிப்பாக எறிவதாக இருந்தால் மட்டும் போடலாம். குறும்பதிலாகப் பேச்சில் ‘நாட் அன்லெஸ்’ மிக அழகாக வரும். ‘நீ போகிறாயா?’ என்றால் ‘நாட் அன்லெஸ் யூ கம்.’ தமிழில் ‘நீ வந்தால்தான்.’

கடைசியாக வினாத்தாள். இஃப் நாட் வாக்கியத்தை மாற்றச் சொன்னால், இஃப்பை அன்லெஸ் ஆக்குங்கள், அதே பகுதியில் இருக்கும் நாட்டை எடுத்துவிடுங்கள், நாட்டோடு வந்த ‘டூ’, ‘டஸ்’ போன்ற துணைவினையையும் எடுத்துவிட்டு வினையை எழுவாய்க்கு ஏற்பத் திருத்துங்கள்: ‘இஃப் ஹி டஸன்ட் வொர்க்’ என்பது ‘அன்லெஸ் ஹி வொர்க்ஸ்’ ஆகும். முதன்மை வாக்கியத்தைத் தொடாதீர்கள். அங்கேயும் ஒரு நாட் இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும். அதையும் சேர்த்து எடுத்துவிட்டு மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம். ‘நீ உதவியிருக்காவிட்டால் மூழ்கியிருப்பேன்’ போன்ற, மாற்றவே கூடாத வாக்கியத்தைக் கொடுத்து மாற்றச் சொல்லும் வினாத்தாள்களும் உண்டு. அங்கே வாதாடிப் பயனில்லை. திருத்துபவர் எதிர்பார்ப்பதை எழுதிவிட்டு வாருங்கள். வெளியே வந்தபின் அப்படிப் பேசாதீர்கள்.